லேசான ஸ்கீ எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா? ஒன்டாரியோ பனிக்கு மூன்று ஸ்கீகள்

டொரொன்டோ பக்கம் ஒரு ஸ்கீ கடைக்குப் போய்ப் பெண்களுக்கான ஆல் மவுன்டன் ஸ்கீ, அதாவது மலையில் பலவகைப் பனிக்கும் ஏற்ற பனிச்சறுக்குப் பலகை, கேட்டால், விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் லேசான ஒன்றாகவே இருக்கும். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் வரை நடக்கும்போதும் அந்த லேசு சுகம்தான். ஆனால் சரிவில் இறங்கும்போது அதே லேசு உதவி செய்யுமா, தொல்லை கொடுக்குமா என்பதைக் கடையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. நாம் எந்தப் பனியில் சறுக்கப் போகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லாமல் "பெண்களுக்கு லேசானது நல்லது" என்று மட்டும் சொல்லி விற்பது எனக்குப் பெரிய வருத்தம். பனிச்சறுக்கை விரும்பிக் கற்றுக்கொண்ட பல பெண்கள் பொருந்தாத ஸ்கீயை வாங்கிவிட்டு, தங்களுக்குத்தான் திறமை போதாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யாருக்காக இந்த ஒப்பீடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் 160 செ.மீ. அளவு, எடை 55 முதல் 65 கிலோ. எளிதான பச்சைத் தடங்களைத் தாண்டி, நடுத்தரமான நீலத் தடங்களில் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரியும். கடினமான கருப்புத் தடத்தில் மெதுவாக இறங்கிவிடுவார். வாடகை ஸ்கீ அலுத்துப்போய்ச் சொந்தமாக ஒரு ஜோடி வாங்க நினைக்கிறார். சறுக்குவது பெரும்பாலும் கொலிங்வுட் அருகே உள்ள புளூ மவுன்டனில். விடுமுறை கிடைத்தால் கியூபெக்கில் மோன் ட்ரொம்ப்ளான். என்றாவது மேற்கே ராக்கி மலையில் உள்ள பான்ஃப் பக்கம் போக ஆசை. ஐகான் பாஸ் வைத்திருக்கும் பலருடைய குளிர்காலம் ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது, அந்த ஒரே பாஸில் இந்த மூன்று இடங்களும் அடங்கிவிடுவதால்.

இவருக்கு நான் ஒப்பிட எடுத்திருப்பவை எலான் ரிப்ஸ்டிக் 94 டபிள்யூ, பிளிஸார்ட் பிளாக் பேர்ல் 88, ஃபோல்க்ல் கென்ஜா 88. முதலாவது இந்தப் பிரிவின் மிக லேசான ஸ்கீகளில் ஒன்று. கடைசியானது கனமான பக்கம். பிளாக் பேர்ல் நடுவில் நிற்கிறது. பெயரில் உள்ள எண்கள் பூட்ஸுக்கு நேர் கீழே ஸ்கீயின் நடு அகலத்தை மில்லிமீட்டரில் சொல்பவை.

லேசு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 165 செ.மீ. நீளத்தை ஒட்டிய லேசான பெண்கள் ஸ்கீ ஒற்றைக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,600 கிராம் இருக்கும். உலோகத் தகடு சேர்த்துக் கட்டியது 1,700 முதல் 1,900 கிராம் வரை போகும். இதோடு, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் ஒரு காலுக்கு ஒரு கிலோ அளவு, பூட்ஸ் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஆகக் காலில் தொங்கும் மொத்தம் நான்கு, நான்கரை கிலோ. ஸ்கீயில் மிச்சமாகும் 300 கிராம் இந்த மொத்தத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதம்தான். அப்படியானால் லேசான ஸ்கீயில் ஏறியவுடன் ஏன் அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது? எடை எங்கே குறைந்திருக்கிறது என்பதுதான் காரணம். பைண்டிங்கும் பூட்ஸும் காலுக்கு நேர் கீழே இருக்கின்றன. ஸ்கீயின் முனையும் வாலும் எட்டத்தில் இருக்கின்றன. உலக்கையை நடுவில் பிடித்துச் சுழற்றுவது சுலபம், ஒரு முனையில் பூண் கூடுதலாக இருந்தால் மணிக்கட்டு உடனே உணரும். ஸ்கீயின் முனையில் 50 கிராம் குறைத்தால் திருப்பும்போது கால் அதை நன்றாகவே உணர்கிறது. அதனால் மொத்த எடையைவிட, முனையில் எடை குறைந்திருக்கிறதா என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

எடையைக் குறைக்கும் வழி பெரும்பாலும் உள்ளே இருக்கும் மரத்தில் தொடங்குகிறது. பீச் மரம் கனமானது, உறுதியானது. பாப்ளர் நடுத்தரம். பலோனியா அதைவிட லேசு, பால்சா இன்னும் லேசு. கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழை போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். மறுபக்கம் டைட்டனால். பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று எண்ண வேண்டாம், இது உறுதியான அலுமினியக் கலவை. மெல்லிய தகடாக, ரப்பர் படலத்தோடு ஒட்டி ஸ்கீக்குள் வைக்கிறார்கள். இறுகிய பனியில் போகும்போது ஸ்கீ அதிராமல், எட்ஜ் (ஸ்கீயின் உலோக ஓரம்) பனியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க இதுதான் பெரிய உதவி. கார்பன் விறைப்பைக் கொடுக்கும், ஆனால் அதிர்வை அடக்குவதில் டைட்டனால் அளவுக்கு உதவாது. லேசான ஸ்கீ பற்றிய விவாதத்தின் மையம் இந்த வேறுபாடுதான்.

அடுத்தது பனி. வானிலிருந்து புதிதாக விழும் உலர்ந்த பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான். இயந்திரம் தூவும் செயற்கைப் பனி 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். புளூ மவுன்டனின் சரிவு உயரம் ஏறக்குறைய 220 மீட்டர். ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் ஏரிப் பனி உண்டு என்றாலும், பருவத்தைத் தாங்கிப் பிடிப்பது செயற்கைப் பனிதான். நடுவில் ஒரு மழை, அடுத்த நாள் உறைகுளிர் என்று வந்துவிட்டால், காலையில் இயந்திரம் உழுது சமப்படுத்திய தடம் மதியத்துக்குள் சுரண்டப்பட்டு, அடியில் பளபளப்பான கடினத் தளம் தெரியத் தொடங்கும். ட்ரொம்ப்ளான் பெரிய மலை, 645 மீட்டர் இறக்கம், ஆனால் பனியின் குணம் பல நாட்களில் இதே மாதிரிதான். பான்ஃப் அருகே சன்ஷைன் வில்லேஜ் போனால் வேறு உலகம்: உயரமான இடம், உலர்ந்த இயற்கைப் பனி. ஸ்கீ நிறுவனங்களின் விளம்பரப் படங்கள் பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களில் எடுக்கப்பட்டவை. நம்முடைய சனிக்கிழமைகள் அங்கே கழிவதில்லை.

இப்போது ரிப்ஸ்டிக். எலான் ஸ்லோவேனியா நாட்டு நிறுவனம். பெகுன்யே என்ற சிறிய ஊரில் 1945இல் தொடங்கியது. உலகக் கோப்பைப் போட்டிகளில் 86 முறை வென்ற இங்கெமார் ஸ்டென்மார்க் சறுக்கியது இவர்களுடைய ஸ்கீயில்தான். நடுவில் ஒடுங்கி இரு முனையும் அகன்ற இன்றைய ஸ்கீ வடிவத்தை 1990களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களிலும் இவர்கள் முக்கியமானவர்கள். எதையும் புதிதாகச் செய்து பார்க்கும் அந்தக் குணம் ரிப்ஸ்டிக்கிலும் இருக்கிறது. இதில் இடது ஸ்கீ, வலது ஸ்கீ என்று தனித்தனி உண்டு. ஒவ்வொரு ஸ்கீயிலும் உள் பக்க எட்ஜ் கேம்பராக, அதாவது பனியோடு நீளமாக ஒட்டும்படி இருக்கும். வெளிப் பக்கம் ராக்கராக, முனையும் வாலும் சற்று மேலே எழும்பி இருக்கும். திரும்பும்போது நம் பாரத்தைத் தாங்குவது வெளிக் காலின் உள் எட்ஜ் என்பதால், பிடி அங்கே வேண்டும்; மற்றப் பக்கம் சிக்காமல் வழுக்கி வந்தால் போதும். நல்ல யோசனை, சரிவில் உண்மையாகவே வேலையும் செய்கிறது. லேசான மரத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய கார்பன் குழாய்கள் ஓடுவதால், எடை குறைந்தும் ஸ்கீ தொளதொளவென்று இருப்பதில்லை. இந்த எடையில் எட்ஜ் பிடி இவ்வளவு கிடைப்பது பாராட்டத்தக்கது.

மென்மையான பனியில் இதன் சுகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மரங்களுக்கு நடுவே, முந்தின இரவு பெய்த பனியில், இந்த ஸ்கீ நினைத்த இடத்தில் திரும்பும். மேடுமேடாகக் குவிந்த பனியில் கால் சோர்வது வெகுவாகக் குறையும். பயத்தில் உடல் பின்னால் சாய்ந்துவிட்டாலும், சட்டென்று ஸ்கீயைத் திருப்பிக் காப்பாற்றிக்கொள்ள முடியும். தடத்துக்கு வெளியே சறுக்கக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய தைரியம்.

ஆனால் 94 மி.மீ. அகலத்தோடு புளூ மவுன்டனின் மதிய நேரத்துக்கு வாருங்கள். சுரண்டப்பட்ட தளத்தில் வேகம் கூடும்போது முனை படபடக்கத் தொடங்கும். மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போன பனிக் குவியல்களில் மோதும்போது லேசான ஸ்கீ குவியலை வெட்டிக்கொண்டு போகாமல் ஒதுங்கப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் அமைதியாகிவிடும், உண்மைதான். ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொல்வது நம் திறமையா, ஸ்கீயா என்று தெரியாமல் போவதுதான் தொந்தரவு. அகலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஸ்கீ அகலமாக இருந்தால் எட்ஜ் பூட்ஸின் நடுவிலிருந்து தள்ளி நிற்கும். கடினத் தளத்தில் அதைச் சாய்த்து நிறுத்த முழங்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். சறுக்கும் பெண்களுக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார்க் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அதனால் நாள் முழுவதும் கடினப் பனியில் அகல ஸ்கீயைச் சாய்த்துக்கொண்டிருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சின்ன விஷயம் ஒன்று. சாதாரண ஸ்கீயில் உள் எட்ஜ் தேய்ந்தால் இடது வலது மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ரிப்ஸ்டிக்கில் அது முடியாது. பாறையில் உரசி எட்ஜ் கெட்டால் கூர்தீட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

பிளாக் பேர்ல் 88ஐச் செய்யும் பிளிஸார்ட் ஆஸ்திரியாவில் தொடங்கிய நிறுவனம். பிளிஸார்ட் இப்போது இத்தாலியின் டெக்னிகா குழுமத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் பல பருவங்களாக மிக அதிகம் விற்ற பெண்கள் ஸ்கீ இது. அதிகம் விற்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, ஆனால் இந்த இடத்தில் விற்பனைக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. பீச்சையும் பாப்ளரையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு நீளத்துக்கும் அந்த அடுக்கைத் தனியாக அமைத்தார்கள். காலுக்குக் கீழே உறுதியான மரம் கூடுதலாக, முனைகளில் குறைவாக. அதனால் 159 செ.மீ. ஸ்கீ என்பது 171இன் வெட்டிச் சுருக்கிய பிரதியாக இல்லாமல், சிறிய உருவம் உள்ளவர் வளைக்கக்கூடிய விறைப்போடு வருகிறது. இது சிறிய விஷயம் இல்லை. ஸ்கீ வளைந்தால்தான் திரும்பும். வளைக்க நம் எடை போதாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது நம்மை நேர்கோட்டில் இழுத்துக்கொண்டுதான் போகும்.

பல ஆண்டுகள் பிளாக் பேர்ல் 88 டைட்டனால் இல்லாமலே வந்தது, அப்போது அது நன்றாக லேசாகவும் இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் டைட்டனால் சேர்த்தார்கள். கொஞ்சம் எடை கூடியது; கடினப் பனியில் நிதானமும் கூடியது. இதை வாங்குபவர் பழைய பதிப்பா புதியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் ஒன்றல்ல. மெதுவாகச் சறுக்குகிறவர், எடை 55 கிலோவை ஒட்டி இருப்பவர் என்றால் பழையதே போதும், விலையும் குறைவாகக் கிடைக்கும். வேகம் பழகிவிட்டவருக்குப் புதியது.

கென்ஜா 88 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஃபோல்க்ல் செய்யும் நேர்மையான, வலுவான ஸ்கீ. டைட்டனாலை முழுத் தகடாகப் போடாமல் ஓரங்களில் சட்டம் போலப் பொருத்தியிருப்பதால், எட்ஜ் இருக்கும் இடத்தில் பிடி உறுதியாக இருக்கிறது. முனை, நடு, வால் என்று மூன்று பகுதிக்கும் வளைவு ஆரம் வேறு வேறு, நடுப்பகுதி குறுகிய திருப்பத்துக்கு, முனைகள் நீண்ட திருப்பத்துக்கு. நல்ல எட்ஜோடு ட்ரொம்ப்ளானின் உறைந்த காலையில் இதில் இறங்கினால், தடத்தில் தண்டவாளம் போட்டதுபோல் ஓடும். ஆனால் உடலை முன்னால் வைத்து, கணுக்காலை மடக்கி, பாரத்தைத் துணிந்து கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். நீலத் தடத்தில் இன்னும் தயங்கித் தயங்கித் திரும்புபவருக்கு இது கால் வலியைத்தான் தரும்.

"பெண்களுக்கு" என்ற முத்திரை பற்றியும் பேச வேண்டும். ஒரு காலத்தில் பெண்கள் ஸ்கீ என்றால் ஆண்கள் ஸ்கீயைச் சிறிதாக்கி, மென்மையாக்கி, பூப்போட்ட வண்ணம் அடித்ததுதான். அமெரிக்காவில் ஜீனி தோரன் என்பவர் பல ஆண்டுகள் இதை எதிர்த்து, பெண்களின் உடலமைப்புக்கு பைண்டிங்கைச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்தினாலே ஸ்கீயைத் திருப்புவது சுலபமாகும் என்று பெண்களை நேரில் சறுக்க வைத்தே காட்டினார். இன்று பல பெண்கள் ஸ்கீகளில் பைண்டிங் பொருத்தும் இடம் முன்னால் தள்ளித்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, பெண்ணுக்கு வேண்டியது லேசு மட்டும்தான் என்பது சரியல்ல. மிகயேலா ஷிஃப்ரின் 2023இல் ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிகளைத் தாண்டியது லேசான ஸ்கீயில் இல்லை, தகடு வைத்த கனமான பந்தய ஸ்கீயில். பந்தயமும் நம் வார இறுதியும் ஒன்றல்லதான். ஆனால் கனத்தைப் பெண்ணால் கையாள முடியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. இறுகிய பனியில் கனம் நம்மைத் தாங்கும் துணை.

சரி, எதை வாங்குவது? நான் மேலே சொன்ன அந்தப் பெண்ணுக்கு என் பரிந்துரை பிளாக் பேர்ல் 88. ஒன்டாரியோவின் கடினப் பனியில் நம்பி இறங்கலாம், ட்ரொம்ப்ளானில் மதியம் வரை சோர்வில்லாமல் போகலாம், பான்ஃபில் ஒரு வாரம் ஓரளவு புதுப் பனியையும் சமாளிக்கலாம். ஆழமான பனி கொட்டிவிட்டால் அந்த ஒரு நாளுக்கு அங்கேயே 100 மி.மீ. ஸ்கீயை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். வருடத்தில் ஓரிரு நாளுக்காக, மிச்ச நாளெல்லாம் பொருந்தாத அகலத்தைச் சுமக்க வேண்டாம்.

ரிப்ஸ்டிக்கை ஒதுக்கிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேற்கே மென்மையான பனிக்கு அருகில், கால்கரியிலோ வான்கூவரிலோ வசிப்பவர் கேட்டிருந்தால் முதலில் 94 டபிள்யூவைத்தான் சொல்லியிருப்பேன். ஒன்டாரியோவிலேயே இருந்துகொண்டு, கால் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது, வேகத்தில் ஆசை இல்லை, எலானின் அந்த இலகுவான திருப்பம்தான் வேண்டும் என்பவருக்கு அதே வரிசையில் ரிப்ஸ்டிக் 88 டபிள்யூ இருக்கிறது. லேசு அப்படியே இருக்கும், கடினத் தளத்தில் சாய்ப்பது சுலபமாகும். கென்ஜா, வாரம் தவறாமல் மலைக்குப் போய் எட்ஜில் கோடு கிழித்து இறங்குகிறவருக்கு. அப்படிப்பட்டவர் பிளாக் பேர்ல் வாங்கினால் இரண்டு பருவத்தில் அலுத்துவிடும்.

நீளத்தில் பயப்பட வேண்டாம். ராக்கர் உள்ள ஸ்கீயில் முனை பனியைத் தொடாததால், பயன்படும் எட்ஜ் அளந்து பார்க்கும் நீளத்தைவிடக் குறைவு. 160 செ.மீ. உயரத்துக்குப் பிளாக் பேர்லில் 159ஐ ஒட்டிய நீளம் நன்றாகப் பொருந்தும், தைரியமானவர் 165 அளவில் எடுக்கலாம். ரிப்ஸ்டிக் என்றால் 154ஐ விட்டுவிட்டு 162. லேசான ஸ்கீயைக் குட்டையாகவும் எடுத்தால் படபடப்பு இரட்டிப்பாகும்.

பைண்டிங்கின் விடுபடும் அளவை டி.ஐ.என். எண்ணில் கடைக்காரர் வைத்துத் தருவார். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு அது. எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழுந்தால் ஸ்கீ சரியான நேரத்தில் கழல வேண்டும், தேவையில்லாத நேரத்தில் கழலவும் கூடாது. பூட்ஸ் தளர்வாக இருந்தால் மூன்று ஸ்கீயில் எதை வாங்கியும் பயனில்லை. பணம் அளவாக இருந்தால் முதலில் பூட்ஸைச் சரியாகப் பொருத்திக்கொண்டு, ஸ்கீயைப் பருவ முடிவில், மார்ச் ஏப்ரலில் தள்ளுபடியில் பாருங்கள். பல மாடல்கள் அடுத்த ஆண்டு மேலே உள்ள வண்ணம் மட்டும் மாறி அப்படியே திரும்பி வரும்.

வாங்குவதற்கு முன், சறுக்கிப் பார்க்கத் தரும் டெமோ ஸ்கீ கிடைத்தால் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு, இயந்திரம் புதிதாகச் சமப்படுத்திய தடத்தில் எல்லா ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு, சுரண்டப்பட்ட அதே தடத்தில், ஒரே அளவு நீளத்தில், ஒன்றை அடுத்து மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள். எட்ஜ் அண்மையில் கூர்தீட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழுங்கிய எட்ஜோடு கென்ஜாவும் வழுக்கும், கூரான எட்ஜோடு ரிப்ஸ்டிக்கும் நன்றாகவே பிடிக்கும். வழக்கமான வேகத்தில் மூன்று திருப்பம், பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் மூன்று. இரண்டாவது முறையும் பார்வை ஸ்கீ முனைக்குப் போகாமல் தடத்திலேயே இருந்தால், அந்த ஸ்கீயை எடுத்துக்கொள்ளலாம்.